அம்மா கணக்கிலிருந்து கைரேகை வைத்து 29,500 ரூபாய் எடுத்துவிட்டார்கள். நாளை வங்கியில் என்ன எழுதிக் கொடுப்பது?

மன்னைத் தென்றல் | 12 ஆகஸ்ட் 2024, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம்தான், ஆனால் அவசரம். படித்துவிட்டு வழி சொல்லுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். வயது 66. போன ஆவணியில் அப்பா தவறிவிட்டார். தலைத்திவசத்துக்காக அம்மா மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு வங்கிக் கிளையில் இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன். அம்மாவின் பட்டன் போனைச் சார்ஜ் போட எடுத்தபோது, படிக்காத மெசேஜ் 17 இருந்தது. அதில் மூன்று வங்கியிலிருந்து வந்தவை. வியாழன், 8-ம் தேதி, பகல் 11.52-க்கு 10,000. வெள்ளி காலை 9.15-க்கு இன்னொரு 10,000. மூன்று நிமிடம் கழித்து 9,500. மூன்றிலும் ஏஇபிஎஸ் என்று இருந்தது, அதாவது ஆதாரையும் ரேகையையும் வைத்துப் பணம் எடுப்பது. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. மெசேஜ் சத்தம் கேட்டால் கம்பெனிக்காரன் விளம்பரம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை பகலில் அம்மா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட நான்கு பேர் இருந்தார்கள். அம்மாவுக்கு ஏடிஎம் கார்டு கிடையாது, ஜிபே கிடையாது, ஓடிபி எதுவும் வரவும் இல்லை. போன வருடம் மாமாவோடு பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டபோது ரேகை வைத்தார்கள். சிம் வாங்க, குழுக் கடன் வாங்க என்று ஆதார் ஜெராக்ஸ் எத்தனையோ இடத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று காலை கிளைக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி, "நாலு நாள் ஆயிடுச்சும்மா, மூணு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும்" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர் வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்து, "நான் தெரியாமல் ஓடிபி சொல்லிவிட்டேன், பணத்தை மீட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்படி எழுதினால்தான் மேலே அனுப்ப முடியுமாம். அம்மா பேனாவையே கையில் எடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வராத ஓடிபியைச் சொன்னதாக எப்படி எழுதுவது? நாளைக்கு வருகிறோம் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாங்கள் போய் வந்ததற்கு ரசீது எதுவும் தரவில்லை.

நாளை என்ன செய்ய வேண்டும்? உண்மையிலேயே நாள் கடந்துவிட்டதா?

சேலம் வாசகன் | இரவு 8.58

சகோதரி, முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடுங்கள். விடியும் வரை காத்திருக்க வேண்டாம். கணக்கு எண், மூன்று பரிவர்த்தனை எண்கள், தேதி, தொகை எல்லாவற்றையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு புகார் எண் தருவார்கள். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழு விவரத்தையும் பதிந்துவிடுங்கள். என் கதையைப் பிறகு எழுதுகிறேன்.

பழைய கவுண்டர் | இரவு 9.35

அம்மா, நான் 31 வருடம் வங்கியில் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, இன்றைக்கு நீங்கள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் நஷ்டம் யாருடையது என்று சொல்வது அது. வங்கியின் குறை என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது. எப்போது சொன்னாலும் சரி. வங்கி மீதும் தப்பில்லை, வாடிக்கையாளர் மீதும் தப்பில்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் பொறுப்பு கிடையாது. மூன்றாவது வகை, வாடிக்கையாளரே ரகசிய எண்ணையோ ஓடிபியையோ யாரிடமாவது சொல்லிவிடுவது. அதில் புகார் கொடுக்கும் நிமிடம் வரை போன பணம் முழுக்க வாடிக்கையாளர் தலையில்.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். ஒரே வரியில் உங்கள் அம்மாவின் வழக்கை முதல் இரண்டு வகையிலிருந்து தூக்கி மூன்றாவது வகையில் போட்டுவிடுகிறது. வாடிக்கையாளர் மீது தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. அவர்கள் நிரூபிக்க வேண்டியதை உங்கள் அம்மா கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு நிரூபிக்க என்ன இருக்கிறது?

இதைச் சும்மா சொல்லவில்லை. 2018-ல் ஒரு பெரியவரிடம் நானே இப்படி எழுதி வாங்கினேன். அப்படித்தான் வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் யோசிக்கவில்லை. அவருடைய கார்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பணம் வேறு மாநிலத்து ஏடிஎம்மில் போயிருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டியே அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இரவில் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, நாள் கணக்கு. நீங்கள் கிளைக்குப் போனது நான்காவது நாளில் என்று சொன்னவர் காலண்டர் நாளை எண்ணியிருக்கிறார். எண்ண வேண்டியது உங்கள் கிளையின் வேலை நாளை. தகவல் வந்த நாளையும் கழித்துவிட வேண்டும். மெசேஜ் வியாழன் வந்தது, அது கணக்கில் இல்லை. வெள்ளி ஒன்று. 10-ம் தேதி இரண்டாவது சனி, விடுமுறை. ஞாயிறு விடுமுறை. இன்று திங்கள் இரண்டு. நாளை செவ்வாய் மூன்று. நாள் கடக்கவில்லை. வெள்ளிக்கிழமை போன இரண்டு தொகைக்குப் புதன் வரைகூட நேரம் இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் நம்பி உட்கார வேண்டாம்.

நாளையை விட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு வாடிக்கையாளர் பொறுப்பு 10,000 வரை. அடிப்படைக் கணக்கு என்கிற ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு 5,000 வரை. பலரும் இதை மொத்தத்துக்கு என்று நினைக்கிறார்கள். இல்லை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனி. உங்கள் அம்மாவுக்கு மூன்றுமே 10,000-க்குள். அதாவது சாதாரணக் கணக்கு என்றால் முழு 29,500-ம் அம்மா தலையிலேயே விழும். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் சொந்தக் கொள்கைப்படி.

ஆகவே இன்று இரவே வங்கியின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். 24 மணி நேரமும் புகார் வாங்க வேண்டியது அவர்கள் கடமை. நாளை காலை கடிதம் இரண்டு பிரதி. தமிழிலேயே எழுதுங்கள். இவ்வளவு போதும்:

"எனது சேமிப்புக் கணக்கில் 8.8.2024 அன்று ரூ.10,000, 9.8.2024 அன்று ரூ.10,000 மற்றும் ரூ.9,500 ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் எடுக்கப்பட்டுள்ளது. இவற்றை நான் செய்யவில்லை. யாருக்கும் அனுமதி தரவில்லை. அந்த நேரத்தில் நான் எந்த வங்கிச் சேவை மையத்துக்கும் செல்லவில்லை. இதை 12.8.2024 காலை கிளையில் நேரில் தெரிவித்தேன். ரிசர்வ் வங்கியின் 6.7.2017 சுற்றறிக்கைப்படி தொகையை 10 வேலை நாட்களுக்குள் என் கணக்கில் வரவு வைக்கவும். மூன்று பரிவர்த்தனைக்கும் உரிய இயந்திர எண், மைய முகவர் விவரம், இடம் ஆகியவற்றைத் தரவும். இன்று முதல் என் கணக்கில் ஆதார் வழியே பணம் எடுப்பதை நிறுத்தவும்."

எப்படி நடந்திருக்கும் என்று யூகம் எதுவும் எழுத வேண்டாம். பத்திரத்தில் வைத்த ரேகையாக இருக்கலாம், குழுக் கடன்காரராக இருக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயம். நேரில் கேட்டால் தெரிந்ததை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். இரண்டாவது பிரதியில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். மறுத்தால் அங்கிருந்தே தபால் நிலையம் போய் ஒப்புகை கேட்டுத் தபாலில் அனுப்புங்கள். கிளையின் மின்னஞ்சலுக்கும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அந்த 10 வேலை நாள் எனக்குத் தெரிந்து ஆகஸ்ட் 27-ல் முடிகிறது. சுதந்திர தினம், நான்காவது சனி, கிருஷ்ண ஜெயந்தி எல்லாம் கழித்தாயிற்று. விசாரணை முடிய 90 நாள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீல் வேண்டாம். சிஎம்எஸ் என்கிற ரிசர்வ் வங்கிப் புகார்த் தளத்தில் போடலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். எந்த மொழியில் எழுதினாலும் வாங்குவார்கள். சந்தேகம் கேட்க 14448.

இ-சேவை பாலா | இரவு 10.20

பழைய கவுண்டர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் ஏழு வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். போன பணத்தைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். நான் இனிமேல் போகாமல் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன் அக்கா.

ஏஇபிஎஸ் என்றால் இவ்வளவுதான்: ஆதார் எண், எந்த வங்கி என்ற பெயர், விரல். இந்த மூன்றும் இருந்தால் கையடக்க மெஷினில் பணம் எடுக்கலாம், ஒரு தடவைக்கு 10,000 வரை. கார்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம். நடக்க முடியாத பாட்டிக்கு வீட்டு வாசலிலேயே பணம் கிடைக்கிறது, அந்த வகையில் நல்ல ஏற்பாடு. ஆனால் ரகசிய எண் போனால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது. கர்நாடகாவில் 2023-ல் பத்திரப்பதிவுத் தளத்திலிருந்து இறக்கிய பத்திரங்களில் இருந்த ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்ததாக ஆட்களைப் பிடித்தார்கள். ஒரே தாளில் ரேகையும் ஆதார் எண்ணும் சேர்ந்து இருப்பதுதான் வினை.

இதற்கு வழி பயோமெட்ரிக் பூட்டு. ஆதார் செயலியிலோ ஆதார் தளத்திலோ ஓடிபி போட்டுப் பூட்டலாம். பூட்டிய பிறகு யார் ரேகை வைத்தாலும் ஏற்காது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

ஆனால் பூட்டுவதற்கு முன் ரேஷனை யோசியுங்கள். பூட்டிவிட்டு மறந்துபோய், ரேஷன் கடையில் வரிசையில் நின்று, ரேகை விழவில்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். "வயசாகி ரேகை தேஞ்சு போச்சு" என்று கடைக்காரர் சொல்லிவிடுவார், அவர்களும் நம்பிவிடுவார்கள். அம்மா தனியாக இருக்கிறார்கள், பட்டன் போன் வேறு. ரேஷன் போகும் அன்று நீங்கள் திருப்பூரிலிருந்து திறந்துவிட வேண்டும். ஓடிபி அம்மாவின் போனுக்குத்தான் வரும், அவர்கள் எண்களைப் படித்துச் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் வாங்குவோருக்கு உயிர்வாழ் சான்றிதழுக்கும் இதே கதைதான். இது முடியாது என்று தோன்றினால், வங்கியில் ஏஇபிஎஸ்-ஐ மட்டும் நிறுத்துவதே உங்கள் அம்மாவுக்குச் சுலபம். கேட்டால் பல வங்கிகள் செய்து தருகின்றன.

ஆதார் தளத்தில் கடந்த 6 மாதத்தில் எங்கெங்கே சரிபார்ப்பு நடந்தது என்ற வரலாறும் இருக்கிறது. தேதி, நேரம், ரேகையா ஓடிபியா, எந்த நிறுவனம் வழியாக என்று வரும். அதைப் பிரிண்ட் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிடுங்கள். வயலில் நின்ற நேரத்தில் ரேகை வைத்ததாகப் பதிவு இருந்தால் அது உங்களுக்குச் சாட்சி.

ஜெராக்ஸ் பற்றி ஒன்று. என் கடைக்கு வருகிறவர்கள் ஆதாரை வாட்ஸப்பில் அனுப்பி பிரிண்ட் கேட்கிறார்கள். நான் எடுத்ததும் அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கிறேன். எல்லாக் கடையிலும் அப்படி இல்லை. டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் ஊரில் பாதிப் பேர் ஆதார் இருக்கும். கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அடையாளத்துக்கு மட்டும் கேட்கிற இடத்தில் அதைக் கொடுக்கலாம். முழு நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்காக, எந்தத் தேதி என்று நகலின் மேலேயே குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

சேலம் வாசகன் | இரவு 11.05

என் கதையையும் எழுதிவிடுகிறேன். இந்தத் திரியைப் பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

என் தப்பு என் தப்புதான். போன வருடம் "இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மெசேஜ் வந்தது. அந்த எண்ணுக்குப் பேசினேன். அவன் சொன்ன செயலியைப் போட்டேன், ஓடிபியும் சொன்னேன். 11.20-க்கு 48,000 போனது. 11.40-க்கு வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்கச் சொன்னேன், புகார் எண் கொடுத்தார்கள். முடக்கினார்களா? இல்லை. 11.52-க்கு இன்னொரு 20,000 போனது.

அந்த 48,000 என் பொறுப்பு, அதில் வாதாட இடமில்லை. ஆனால் 20,000 புகார் கொடுத்த பிறகு போனது. ஓடிபி சொன்ன ஆளாகவே இருந்தாலும், புகார் கொடுத்த பிறகு போகிற பணம் வங்கியுடையது. முதலில் மொத்தமாக மறுத்தார்கள். போன் அழைப்புப் பட்டியலை எடுத்து, புகார் எண்ணையும் வைத்துக் குறைதீர்ப்பாளரிடம் போட்டேன். 20,000 வந்தது. 1930-ல் சொன்னதால் எதிராளி கணக்கில் 13,000 நிறுத்திவைக்கப்பட்டது; அதைக் கோர்ட் உத்தரவு வாங்கித்தான் எடுக்க முடிந்தது, நாள் பிடித்தது.

அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள். நான் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று யோசித்து 20 நிமிடம் கழித்தேன்.

மன்னைத் தென்றல் | 13 ஆகஸ்ட் 2024, மாலை 5.15

எல்லோருக்கும் கோடி நன்றி. நேற்று இரவே 1930-லும் வங்கி எண்ணிலும் பதிந்துவிட்டேன். காலையில் கடிதத்தோடு போனோம். அதே மேசைக்காரர் படித்துவிட்டு, "இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். அம்மா, "எனக்கு நடந்ததை நான்தான் எழுதியிருக்கேன் தம்பி" என்றார்கள். மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்தார். காலண்டரை எடுத்து நாளை எண்ணிக் காட்டினேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. முத்திரை போட்டுக் கொடுத்தார்கள், ஏஇபிஎஸ்-ஐயும் நிறுத்திவிட்டார்கள்.

பாலா தம்பி, ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய நம்பர். அந்த சிம் இப்போது இல்லை. ஓடிபி வராமல் பூட்டவும் முடியவில்லை, வரலாறும் பார்க்க முடியவில்லை.

இ-சேவை பாலா | மாலை 6.02

பரவாயில்லை அக்கா. ஆதார் மையத்தில் கட்டணம் கட்டி அம்மா நம்பரை மாற்றுங்கள். அம்மா நேரில் வர வேண்டும், வேறு சான்று எதுவும் தேவையில்லை. மாறியதும் வரலாற்றை எடுங்கள்.

மன்னைத் தென்றல் | 28 ஆகஸ்ட் 2024, காலை 11.30

நேற்று மாலை கணக்கில் 29,500 வரவு வந்துவிட்டது. இன்று பாஸ்புக்கில் பதிந்து பார்த்தோம். ஆனால் எடுக்க முடியாதாம், விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். ஆதார் வரலாறும் கிடைத்தது. 8-ம் தேதி 11.51-க்கு ரேகை என்று இருக்கிறது. அம்மா அப்போது வயலில் இருந்ததை நான்கு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திவசம் அடுத்த வாரம், அதற்குப் பெரியப்பாவிடம் 15,000 கைமாற்று வாங்கியிருக்கிறோம்.

பழைய கவுண்டர் | பகல் 12.10

நிறுத்திவைப்பது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். நவம்பர் 10-க்குள் முடிவு சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை எழுத்தில் நினைவூட்டுங்கள். திவசத்தை நல்லபடியாக முடியுங்கள் அம்மா.

மன்னைத் தென்றல் | 23 அக்டோபர் 2024, இரவு 7.50

நேற்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ரேகை வைக்கப்பட்ட மெஷின் வேறு மாநிலத்தில் இருந்ததாம். நிறுத்தத்தை நீக்கிவிட்டார்கள். அம்மாவே நேரில் போய் 15,000 எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மெசேஜ் சத்தம் கேட்டால் இப்போது பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார்கள்.